கெர்சன் மக்கள் எம்மொழியிற் பேசினார்கள்?

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 24ஆந் திகதி விடியற்காலையில் ருஷ்யப் படைகள் தம் அயல்நாடாகிய உக்ரேனுட் புகுந்தமையைக் கண்டிக்கும் தீர்மானம் ஒன்று இக்கூட்டத்தின் முன் வைக்கப்பட்டிருக்கின்றது. அதனை ஆதரித்துப் பேசும் பொறுப்பு எமக்குத் தரப்பட்டுள்ளது. எமக்கு முன் பேசிய அன்பர் இருவர் அதனை எதிர்த்தார்கள். உக்ரேனில் ருஷ்ய மொழி பேசும் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துக்காட்டிய ஒருவர், மொழியால் நொந்த இனமாகிய நாம் அம்மக்களின் பக்கமன்றோ நிற்க வேண்டும் என்று கேட்டார். வன்னி வானத்தில் வட்டமிட்ட மிக் விமானங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று மற்றவர் கேட்டார். சபையிற் கைதட்டலும் எழுந்தது. இவை விளையாட்டுக் கேள்விகள் அல்ல. இவற்றுக்கு விடை கூறாது நாம் நிறைவேற்றும் தீர்மானம் வெறுங் காகிதமாகவே கிடக்கும்.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். உக்ரேனில் மொழிப் பிரச்சினை இருந்தது உண்மையே. 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ருஷ்ய மொழிக்குப் பல இடங்களிற் பிரதேச மொழி என்ற தகுதியை அளித்தது. 2014 பெப்ரவரியில், ஆட்சி கவிழ்ந்த மறுநாளே, பாராளுமன்றம் அச்சட்டத்தை நீக்க வாக்களித்தது. பதிற் சனாதிபதி அதிற் கையொப்பமிடவில்லை. எனினும் மக்கள் மனத்தில் விழுந்த கீறல் ஆறவில்லை. 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அப்பழைய சட்டம் செல்லாதென்றது. 2019இல் வந்த புதிய சட்டம் அலுவலகம், பாடசாலை, கடை, பத்திரிகை யாவற்றிலும் உக்ரேனிய மொழியையே முன்னிறுத்தியது. ஐரோப்பியச் சபையின் சட்ட ஆலோசனைக் குழுவாகிய வெனிஸ் ஆணைக்குழு அவ்வாண்டு டிசம்பரில் அச்சட்டத்தின் சில பிரிவுகளைக் குறைகூறியது. ஐரோப்பிய ஒன்றிய மொழிகளுக்குக் காட்டப்பட்ட சலுகை ருஷ்ய மொழிக்குக் காட்டப்படவில்லை என்பது அக்குறைகளுள் ஒன்று. 1956ஐக் கண்ட இனத்துக்கு இத்தகைய சட்டத்தின் நோவை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது பிழை. 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சனாதிபதியான செலென்ஸ்கி, ருஷ்ய மொழி வழங்கும் கிறிவி றிக் நகரிற் பிறந்து, ருஷ்ய மொழியையே தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர். படையெடுப்புக்கு முந்திய இரவில் ருஷ்ய மக்களை நோக்கி அவர் விடுத்த வேண்டுகோளும் ருஷ்ய மொழியிலேயே இருந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் நூற்றுக்கு 73 வாக்குகளுடன் இந்நாட்டின் சனாதிபதியாக வருவதை எண்ணிப் பாருங்கள். வேறுபாடு தானே விளங்கும்.

நிற்க. ருஷ்ய மொழி பேசுவோரை மீட்கவே வந்தோம் என்றது மொஸ்கோ. மீட்கப்பட வேண்டியோர் எனப்பட்ட அம்மக்கள் என்ன சொன்னார்கள்? அவர்களிடமே கேட்போம்.

படை புகுந்த முதல் நாளிலேயே, தெற்கே ஹெனிசெஸ்க் என்னுஞ் சிறு கடற்கரைப் பட்டினத்தில் ஒரு பெண், ஆயுதந் தாங்கி நின்ற சிப்பாயின் எதிரிற் போய் நின்றார். எங்கள் மண்ணில் உனக்கென்ன வேலை என்று கேட்டார். சூரியகாந்தி விதைகளைச் சட்டைப்பையிற் போட்டுக்கொள். நீ இங்கே வீழ்ந்து கிடக்கும்போது பூவாவது முளைக்கும் என்றார். உலகெங்கும் பரவிய அக்காட்சியிற் கவனிக்க வேண்டியது அவருடைய துணிவு மட்டுமன்று. அவர் பேசியது ருஷ்ய மொழி. எந்த மொழியைக் காப்பாற்றச் சிப்பாய் வந்தானோ அதே மொழியில் அவனுக்குச் சாபம் கிடைத்தது.

அடுத்துக் கெர்சன். தினீப்பர் ஆற்றங்கரையில், போருக்கு முன் ஏறக்குறைய இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரம். கடைத்தெருவிலும் வீட்டிலும் ருஷ்ய மொழி தாராளமாக வழங்கிய நகரம். மார்ச் மாதத் தொடக்கத்தில் ருஷ்யப் படை அதனைக் கைப்பற்றியது. மார்ச் 5ஆந் திகதி, படை நகருக்குள் நிற்கும்போதே, மக்கள் ஆயிரக்கணக்கில் சுதந்திரச் சதுக்கத்தில் நீலமும் மஞ்சளுமான தங்கள் கொடியுடன் திரண்டனர். ஒருவர் ஓடிக்கொண்டிருந்த கவச வண்டியொன்றின் மேலேறி நின்று கொடியை அசைத்தார். மார்ச் 13, நாஜிப் படைகளிடமிருந்து அந்நகரம் 1944இல் மீட்கப்பட்ட நாள். நாஜிகளை ஒழிக்க வந்தோம் என்று கூறிய படையின் முன்னிலையில் அந்நாளை நினைவுகூர மக்கள் மீண்டுங் கூடினர்; படையினருக்கு நன்கு விளங்கும் மொழியில், வீடு திரும்பும்படி கூவினர். மார்ச் 21இல் வெடியோசை கேட்டது. துப்பாக்கி வேட்டுகளும் அதிர்வெடிகளும் கூட்டத்தைக் கலைத்தன. பின்னர் ஆட்கள் இரவிற் கொண்டு செல்லப்பட்டனர். அந்நகரிற் சித்திரவதை நடந்த நிலவறைகள் பிற்காலத்தில் வெளிச்சத்துக்கு வந்தன.

செப்டெம்பர் மாதம் 23 முதல் 27 வரை அங்கே ஒரு வாக்கெடுப்பு. ஆயுதந் தாங்கியோர் உடன்வர, வாக்குப் பெட்டியுடன் வீடு வீடாகச் சென்றனர். நூற்றுக்கு 87 பேர் ருஷ்யாவுடன் இணைய விரும்பினர் என்று முடிவு அறிவிக்கப்பட்டது. செப்டெம்பர் 30இல் மொஸ்கோவில் இணைப்பு விழாவும் நடந்தேறியது. ஆறு வாரங்கள் சென்றன. நவம்பர் 11ஆந் திகதி ருஷ்யப் படை ஆற்றைக் கடந்து பின்வாங்கியது. அன்று அதே சதுக்கத்தில், உக்ரேனியச் சிப்பாய்களைக் கட்டித் தழுவி அழுத மக்களைப் பார்த்தோம். அந்த எண்பத்தேழு விழுக்காட்டினர் எந்தத் தெருவிற் போய் ஒளிந்தார்களோ நாம் அறியோம்.

மெலிற்றோபோல் நகர முதல்வரை மார்ச் 11இற் படையினர் பிடித்துச் சென்றபோது, மறுநாளே ஊர் மக்கள் திரண்டு அவரை விடுவிக்குமாறு கேட்டனர். சில நாள்களிற் கைதி மாற்றத்தில் அவர் வெளிவந்தார். எனெர்கோதார் மக்கள் லொறிகளையும் டயர்களையும் குறுக்கே போட்டு, அணுமின் நிலையத்துக்குச் செல்லும் வீதியை மறித்து நின்றனர். கமக்காரர்கள் உழவு யந்திரங்களைக் கொண்டுவந்து, சேற்றிற் கைவிடப்பட்ட கவச வண்டிகளை இழுத்துச் சென்ற காட்சிகளை நீங்களும் கண்டு சிரித்திருப்பீர்கள். ஆனால் அவ்வாண்டு வசந்தத்தில், குண்டு துளைக்காத அங்கியணிந்து, கண்ணிவெடி புதைந்த வயலில் விதைத்தவர்களும் அவர்களே. வன்னியில் மிதிவெடி அகற்றும்வரை வரம்புக்கு அப்பாற் கால் வைக்காது காத்திருந்தவர்கள் இச்சபையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது விளங்கும்.

ஒன்றை மறைப்பது நேர்மையன்று. கிரிமியாவிலும் தொன்பாஸ் பகுதியிலும் ருஷ்யாவுடன் சேர விரும்பியோர் உண்மையாகவே இருந்தனர். 2014இல் ருஷ்யக் கொடியை வரவேற்றோரும் இருந்தனர். ஆனால் 2022இல் மிகக் கொடிய அழிவைக் கண்டவை கார்கிவும் மரியுபோலும். இரண்டும் ருஷ்ய மொழி மிகுதியாக வழங்கிய நகரங்கள். மரியுபோலில் நாடக மண்டபமொன்றில் நூற்றுக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்தனர். விமானத்திலிருந்து பார்ப்போருக்குத் தெரியும் வண்ணம், மண்டபத்துக்கு வெளியே நிலத்திற் பெரிய எழுத்துக்களிற் 'குழந்தைகள்' என்று எழுதி வைத்தனர். எழுதியது ருஷ்ய மொழியில். விமானி வாசிக்க வேண்டுமே என்பதற்காக! மார்ச் 16ஆந் திகதி அம்மண்டபத்தின் மேற் குண்டு விழுந்தது.

மொழிக் குறையை எடுத்துரைத்த அன்பரிடம் நாம் கேட்பது இதுவே. குறை உடையவன் நீதிமன்றத்துக்குப் போகலாம், சத்தியாக்கிரகம் இருக்கலாம், தேர்தலில் நிற்கலாம், உலக மன்றங்களுக்கு முறையிடலாம். இவை யாவும் நாம் நடந்த வழிகள். அவன் பெயரைச் சொல்லி, அவனைக் கேளாமலே அயலவன் டாங்கியுடன் வந்து அவன் வீட்டையே இடித்தால், அதனை அவனுக்குக் கிடைத்த நீதி என்று எவ்வாறு கொள்வது?

இனி ருஷ்ய மக்களைப் பற்றி. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோசிலோவாக்கியாவுட் புகுந்தபோது, பிராக் நகர மக்கள் பாடசாலையிற் கட்டாயமாகக் கற்ற ருஷ்ய மொழியிலேயே சிப்பாய்களை மறித்து வாதாடினர். அம்மாதம் 25ஆந் திகதி மொஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் அமர்ந்து எதிர்ப்புக் காட்டினர். எட்டே எட்டுப் பேர்! சில நிமிடங்களிற் பிடிக்கப்பட்டனர். பின்னர் சிலர் சிறைக்கும், சிலர் தூர நாடுகடத்தலுக்கும், சிலர் மனநோய் மருத்துவமனைக்கும் அனுப்பப்பட்டனர். 2022 பெப்ரவரி 24ஆந் திகதி ஒரே நாளில் ருஷ்யாவின் பல நகரங்களிலுமாக 1,800க்கு மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர் என்று, கைதுகளைக் கணக்கெடுக்கும் ஓவிடி-இன்ஃபோ என்னும் ருஷ்ய அமைப்பு அறிவித்தது. முதலாண்டு முடிவில் அத்தொகை 19,000ஐத் தாண்டியது.

மார்ச் 4ஆந் திகதி ஒரு புதிய சட்டம். படையைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்புவோருக்கு 15 ஆண்டு வரை சிறை. போரைப் போரென்று எழுதவும் பத்திரிகைகளுக்குத் தடை. ஒன்றுமே எழுதாத வெற்றுத்தாளை ஏந்தி நின்ற பெண்ணையும் பொலிசார் கொண்டு சென்றனர். அத்தாளில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது போலும்! மொஸ்கோவின் ஒரு வட்டாரச் சபை உறுப்பினராகிய அலெக்சி கோரினோவ், உக்ரேனிற் குழந்தைகள் மடியும்போது இங்கே குழந்தைகளுக்குச் சித்திரப் போட்டி எதற்கு என்று சபையிற் கேட்டார். அதற்காக 2022 யூலையில் ஏழாண்டுச் சிறை. அலெக்சாந்திரா ஸ்கொசிலென்கோ என்ற சித்திரக்காரி கடையில் விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டு, அவ்விடத்திற் போர்ச் செய்திகளைச் செருகி வைத்தார். அவருக்கும் ஏழாண்டு, 2024 ஆகஸ்டில் நடந்த கைதி மாற்றத்திலேயே வெளிவந்தார்.

அப்படியாயின் ருஷ்ய மக்கள் யாவரும் போரை எதிர்த்தார்களா? இல்லை. 2022 மார்ச்சில் லெவாடா என்னும் கருத்தறி நிலையம் வினவியபோது, படையின் நடவடிக்கையை ஆதரிப்பதாக நூற்றுக்கு 81 பேர் கூறினர். வீடு தேடி வந்து கேட்கும் அந்நியரிடம், 15 ஆண்டுச் சிறை காத்திருக்கும் காலத்தில், ஒருவர் கூறும் விடை எவ்வளவு பெறுமதி உடையது என்பதை உங்கள் அனுபவத்துக்கே விடுகிறோம். ஆனால் முழுவதையும் அச்சத்தின் மேற் சுமத்துவதும் பொருந்தாது. பெருந்தொகையினர் தொலைக்காட்சி சொன்னதை நம்பினர்; இன்னும் பலர் தமக்கென்ன என்றிருந்தனர். செப்டெம்பர் 21ஆந் திகதி மூன்று இலட்சம் பேரைப் படைக்கு அழைக்கும் கட்டளை பிறந்தபோதுதான் போர் அவர்கள் வாசற்படிக்கு வந்தது. இரண்டு வாரத்தில் கசக்ஸ்தானுக்குள் மட்டும் இரண்டு இலட்சம் பேர் நுழைந்தனர் என்று அந்நாட்டு அரசு கூறியது. ஜோர்ஜியாவின் மலைக்கணவாயில் மோட்டார் வண்டிகள் மைல் கணக்கில் நின்றன. தொலைக்காட்சியின் முன் இருந்த ஆதரவு வேறு, துப்பாக்கியைக் கையில் எடுக்கும் ஆதரவு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வெளியுலகைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். போலந்து மக்கள் அகதிகளைத் தம் வீடுகளில் ஏற்றனர். ஏழை நாடாகிய மொல்தோவா தன் மக்கள்தொகைக்கு மிஞ்சிய சுமையைத் தாங்கியது. பெப்ரவரி 27இற் பேர்லினில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடினர். இவை போற்றத்தக்கவை. எனினும் அதே எல்லையில் ஆபிரிக்க மாணவர் வரிசையிலிருந்து தள்ளப்பட்டதையும், அதற்கு முந்திய 2021இல் பெலருஸ் எல்லைக் காட்டிற் சிரியரும் ஈராக்கியரும் குளிரில் விரட்டப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. 2003இல் ஈராக்கினுட் புகுந்தவர்கள் இன்று படையெடுப்பைக் கண்டிக்கும்போது ஆசியரும் ஆபிரிக்கரும் உதட்டைச் சுழிப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஈராக்கியப் போரை எதிர்த்து 2003 பெப்ரவரி 15இல் லண்டனிலும் றோமிலும் இலட்சக்கணக்கானோர் திரண்டனர் அன்றோ? ஒருவன் களவெடுத்தான் என்பது மற்றவன் களவுக்கு அனுமதிப் பத்திரம் ஆகாது.

இவ்விடயத்திற் கென்யாவின் ஐ. நா. பிரதிநிதி மார்ட்டின் கிமானி, படையெடுப்புக்கு மூன்று நாள் முன்னர் பாதுகாப்புச் சபையில் ஆற்றிய உரை எம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. ஆபிரிக்க நாடுகளின் எல்லைகளை லண்டனிலும் பரிஸிலும் லிஸ்பனிலும் இருந்தவர்களே வரைந்தனர். எல்லைக்கு அப்பால் நம்முடைய இனத்தாரும் மொழியினரும் இருக்கிறார்கள். அதற்காக நாம் படை அனுப்பவில்லை என்பது அவர் வாதம். பிறர் வரைந்த எல்லைக்குள் அகப்பட்ட இனமாகிய நமக்கு அவ்வுரையின் சில பகுதிகள் கசக்கும். கசப்பினும், இனம் ஒன்றென்பதைக் காட்டிப் படை அனுப்பலாகாது என்ற அந்த நடு வாதத்தை நாம் மறுக்க இயலாது.

மார்ச் 2ஆந் திகதி ஐ. நா. பொதுச்சபையில் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன, 5 எதிர்த்தன, 35 வாக்களியாது விட்டன. இலங்கை அந்த முப்பத்தைந்துள் ஒன்று. இந்தியாவும் சீனாவும் அவ்வாறே. நடுநிலை என்றனர். அரசுகளின் நடுநிலை எதனால் ஆனது என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 யூலை 6ஆந் திகதி அன்றைய சனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ, புட்டினுடன் தொலைபேசியிற் பேசி எரிபொருளுக்குக் கடனுதவி கேட்டார். சரியாக ஒரு வாரத்தில் அவரே நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. பெரிய நாடுகளின் வாக்கும் அப்படித்தான். 2022இற் கண்டித்த அமெரிக்கா, 2025 பெப்ரவரி 24இல் பொதுச்சபைக்கு வந்த உக்ரேன் தீர்மானத்தை ருஷ்யாவுடன் சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது.

தூரத்து யுத்தம் நமக்கெதற்கு என்று கேட்கும் கமக்கார நண்பர்களுக்கும் ஒரு சொல். உலகச் சந்தைக்கு வந்த கோதுமையிற் காற்பங்குக்கு மேல் இவ்விரு நாடுகளும் தந்தவை. சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய அரைப்பங்கு உக்ரேன் ஒன்றே தந்தது. உரத்திற் கணிசமான பங்கு ருஷ்யாவும் பெலருஸும் அனுப்பியவை. நம் வயலுக்கு உரம் இல்லாமற் போனது 2021இல் நமது அரசு விதித்த தடையால். அப்பழியை உக்ரேன் போரின்மேற் போட்டு அவர்களைத் தப்பவிட வேண்டாம். தடை நீங்கி, உரத்தை வாங்கலாம் என்று நாம் எழுந்தபோது உலகச் சந்தையில் விலை ஏறிக் கிடந்ததே, அது இப்போரும் சேர்ந்து செய்த வேலை. அன்றியும், உக்ரேனின் வொவ்சான்ஸ்க் பட்டினத்தில் ருஷ்யப் படையாற் பல மாதங்கள் அடைத்து வைக்கப்பட்டு, 2022 செப்டெம்பரில் மீட்கப்பட்ட இலங்கையர் எழுவருள் தமிழரும் இருந்தனர். அவ்வளவு தூரமன்று அந்நாடு.

கடைசியாக மிக் விமானம். மறுக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த மிக்-27 விமானங்களும், 2006ஆம் ஆண்டுப் பேரத்தில் ஊழற் குற்றச்சாட்டுடன் வந்தவையும் உக்ரேனிலிருந்தே வந்தன. கிபிர் இஸ்ரேலிலிருந்து வந்தது. ஜெனீவாவில் 2009 மே மாதம் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானத்துக்கு ருஷ்யா ஆதரவளித்தது. உக்ரேன் வாக்களியாது விட்டது. 2021 மார்ச்சில், போர்க்காலச் சான்றுகளைத் திரட்ட வழி செய்த தீர்மானத்தை உக்ரேன் ஆதரித்தது, ருஷ்யா எதிர்த்தது. இந்தப் பேரேட்டைப் புரட்டி, யாருக்கு நாம் கடன்பட்டோம் என்று கூட்டிக் கழிக்கலாம். கூட்டினால் விடை ருஷ்யாவுக்குச் சாதகமாக வராது என்பதையும் கைதட்டிய நண்பர்கள் குறித்துக்கொள்ளட்டும். ஆனால் இந்தக் கணக்கே எமக்கு உடன்பாடன்று. விமானத்தை விற்றது ஓர் அரசு. வாங்கியது இன்னோர் அரசு. மரியுபோல் நிலவறையிற் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய் அவ்விற்பனைச் சீட்டிற் கையொப்பமிட்டவள் அல்லள். முள்ளிவாய்க்காற் பதுங்குகுழியிலிருந்த தாயின் துயரை உலகம் எந்தக் கணக்குப் பார்த்துக் காணாது விட்டதோ, அதே கணக்கை இன்று நாம் கையில் எடுப்பதா?

ஆகவே தீர்மானத்தை ஆதரிக்கின்றோம். ஆயினும் இரு திருத்தங்களை முன்மொழிகின்றோம். படையெடுப்பைக் கண்டிக்கும் வாசகத்தின் பின், ருஷ்ய மொழி பேசும் உக்ரேனியரின் மொழியுரிமை அந்நாட்டுச் சட்டத்திற் காக்கப்பட வேண்டும் என்ற வாசகமும், போரை எதிர்த்துச் சிறை சென்ற ருஷ்யரை விடுவிக்குமாறு கோரும் வாசகமும் சேர்க்கப்பட வேண்டும். எதிர்த்துப் பேசிய அன்பர்கள் விரும்பினால் முதலாவது திருத்தத்தை அவர்களே வழிமொழியலாம். திருத்தங்களை வாக்குக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.